ஏஜென்ட் 69 மார்க் என்கிறார். அப்பா நிலத்தை விற்கிறேன் என்கிறார்

கேள்வி: என் வயது 33. பி.இ. முடித்துவிட்டு கடலூர் சிப்காட்டில் ஒரு கெமிக்கல் ஆலையில் இன்ஸ்ட்ருமென்டேஷன் டெக்னீஷியனாக இருக்கிறேன். மொத்தம் 9 வருட அனுபவம். ஆரம்பத்தில் கான்ட்ராக்டர் ரோல், நடுவில் 8 மாதம் கத்தாரில் ஷட்டவுன் வேலை, பிறகு கம்பெனி ரோல். பி.எஃப். கணக்கில் 8 வருடம் 4 மாதம் இருக்கிறது. மனைவிக்கு 29 வயது. பி.எஸ்சி. நர்சிங் படித்தவர், புதுச்சேரி தனியார் மருத்துவமனையில் 6 வருடமாக ஸ்டாஃப் நர்ஸ். மகளுக்கு 4 வயது. ஒரு கன்சல்டன்சியில் விசாரித்தபோது, "உங்களுக்கு 100-க்கு 69, பாஸ் மார்க் 67, கனடா பி.ஆர். (நிரந்தரமாகக் குடியிருக்கும் உரிமை) உறுதி" என்றார்கள். கட்டணம் 3.6 லட்சம், உடனே 1.2 லட்சம் கட்ட வேண்டும். வங்கியில் காட்ட வேண்டிய 15 லட்சத்தையும் வட்டிக்கு அவர்களே ஏற்பாடு செய்வார்களாம். கனடா அமையாவிட்டால் ஜெர்மனி ஆப்பர்ச்சுனிட்டி கார்டு போட்டுத் தருவார்களாம். என் கையில் 6 லட்சம் இருக்கிறது. பண்ருட்டி பக்கம் அப்பாவுக்கு ஒன்றரை ஏக்கர் முந்திரித் தோப்பு. தானே புயலில் எல்லாம் சாய்ந்தபின் அவர் மறுபடி நட்டு வளர்த்தது. அதை விற்றுத் தருகிறேன் என்கிறார். போகலாமா?
— கடலூர் வாசகர்

பதில்: முதலில் அந்த 1.2 லட்சத்தைக் கட்டாதீர்கள். தோப்பை விற்கும் பேச்சையும் நிறுத்திவையுங்கள். போகலாமா வேண்டாமா என்பதை அதற்குப் பிறகு நிதானமாகப் பார்க்கலாம்.

அவர்கள் சொன்ன 69 பொய்க் கணக்கு இல்லை. 33 வயதுக்கு 12, இளநிலைப் பட்டத்துக்கு 21, ஆங்கிலம் சிஎல்பி (கனடாவின் மொழித்திறன் அளவுகோல்) 7 அளவில் இருந்தால் 16, ஆறு வருடத்துக்கு மேற்பட்ட அனுபவத்துக்கு 15, மனைவிக்கு ஓரளவு ஆங்கிலம் இருந்தால் 5. கூட்டினால் 69 வரும். ஆனால் இது ஃபெடரல் ஸ்கில்டு வொர்க்கர் பிரிவில் நுழைவதற்கான தகுதிக் கணக்கு மட்டுமே. 67 எடுத்தவர் வரிசையில் நிற்கலாம், அவ்வளவுதான். அந்த வரிசையில் யாரை அழைப்பது என்பதை முடிவு செய்வது சிஆர்எஸ் என்ற வேறொரு கணக்கு. அதன் உச்சம் 1,200. உங்கள் விவரங்களை, நீங்கள் பிரதான விண்ணப்பதாரர், இருவருக்கும் ஆங்கிலம் சிஎல்பி 7 என்று வைத்துப் போட்டால் 314 வருகிறது. வகை பார்க்காமல் எல்லோரையும் சேர்த்து அழைத்த பொதுச் சுற்று கடைசியாக 2024 ஏப்ரல் 23-ல் நடந்தது. அதன் கட் ஆஃப் 529. 2025 முழுவதும் அப்படி ஒரு சுற்றுகூட நடக்கவில்லை. அங்கேயே வேலை செய்து அனுபவம் பெற்றவர்கள், மாகாண நியமனம் பெற்றவர்கள், குறிப்பிட்ட தொழில் வகையினர், பிரெஞ்சு தெரிந்தவர்கள் என்று பிரித்துப் பிரித்துத்தான் அழைத்தார்கள். 69-ஐச் சொன்னவர்கள் 314-ஐச் சொல்லாமல் விட்டது ஏன் என்று அவர்களிடமே கேளுங்கள்.

உங்கள் கடிதத்தில் எனக்கு இன்னொரு விஷயம் பட்டது. கடிதம் முழுக்க நீங்கள் போவதைப் பற்றித்தான் எழுதியிருக்கிறீர்கள். ஆனால் உங்கள் வீட்டில் வலுவான விண்ணப்பதாரர் உங்கள் மனைவி. அவர் பெயரில் கணக்குப் போட்டுப் பாருங்கள். 29 வயதுக்கு 100, பட்டத்துக்கு 112. ஆங்கிலத்தில் சிஎல்பி 9 எடுத்தால் 116. பட்டமும் நல்ல ஆங்கிலமும் சேர்ந்திருப்பதற்கு 25, கனடாவுக்கு வெளியே, அதாவது இங்கே பெற்ற மூன்று வருடத்துக்கு மேற்பட்ட அனுபவமும் அதே ஆங்கிலமும் சேர்ந்திருப்பதற்கு 50. உங்கள் பட்டத்துக்கும் சிஎல்பி 7 ஆங்கிலத்துக்கும் 20. ஆக 423. அவர் ஆங்கிலம் சிஎல்பி 7-லேயே நின்றுவிட்டால் இது 334 ஆகிவிடும். 89 மதிப்பெண் வித்தியாசம் ஒரே ஒரு தேர்வில் இருக்கிறது. உங்கள் 3.6 லட்சத்தால் வாங்க முடியாத 89 அது. ஐஇஎல்டிஎஸ் தேர்வுக் கட்டணமோ சுமார் 18,000 ரூபாய்.

சிஎல்பி 9 என்றால் ஐஇஎல்டிஎஸ் ஜெனரல் டிரெய்னிங்கில் லிசனிங் 8, மற்ற மூன்றிலும் தலா 7. நான்கில் ஒன்று குறைந்தாலும் கூட்டுப் பலன் போய்விடும். பெரும்பாலும் ரைட்டிங் 6.5-ல் மாட்டிக்கொள்ளும். அந்த அரை மதிப்பெண்ணுக்காகத்தான் பலர் இரண்டாம் முறை எழுதுகிறார்கள். மாதிரிக் கட்டுரைகளை மனப்பாடம் செய்வதால் இது ஏறாது. வாரம் மூன்று கட்டுரை எழுதி, திருத்தத் தெரிந்த ஒருவரிடம் கொடுத்து, ஒரே தவறு திரும்ப வராமல் பார்த்துக்கொள்வதுதான் வழி.

423-ம் போதாது. 2025-ல் மருத்துவப் பணியாளர்களுக்கான சுற்றுகளின் கட் ஆஃப் 462-க்கும் 510-க்கும் இடையில் இருந்தது. இந்த இடைவெளியைக் கடக்க உங்கள் மனைவிக்கு இருக்கும் வசதி தமிழ்நாட்டின் மற்ற ஊர்க்காரர்களுக்கு அவ்வளவு எளிதில் கிடைக்காது. அவர் தினமும் வேலைக்குப் போகும் புதுச்சேரியிலேயே பிரெஞ்சு கற்றுத்தரும் அலியான்ஸ் ஃபிரான்சேஸ் நிறுவனம் இருக்கிறது. பிரெஞ்சில் கேட்டல், பேசுதல், வாசித்தல், எழுதுதல் நான்கிலும் என்சிஎல்சி (சிஎல்பி போலவே பிரெஞ்சுக்கான அளவுகோல்) 7 எடுத்து, ஆங்கிலமும் நன்றாக இருந்தால் கூடுதலாக 50, இரண்டாம் மொழிக்கு 12, மொத்தம் 62. 423 என்பது 485 ஆகும். அதோடு பிரெஞ்சு தெரிந்தவர்களுக்கான தனிச் சுற்றில் சேரும் தகுதியும் வரும். 2025-ல் அந்தச் சுற்றுகளின் கட் ஆஃப் 379 முதல் 481 வரை போனது. கியூபெக்குக்கு வெளியே பிரெஞ்சு பேசுவோரைக் கூட்ட வேண்டும் என்பது அந்நாட்டு அரசின் அறிவித்த இலக்கு, 2025-க்கு 8.5 சதவீதம் என்று வைத்திருந்தார்கள். வகைகள் வருடா வருடம் மாறக்கூடியவைதான். ஆனாலும் இன்றைய நிலையில் பிரெஞ்சைவிட உறுதியான பிடிமானம் உங்கள் குடும்பத்துக்கு வேறில்லை என்பது என் தீர்மானமான கருத்து.

இதன் விலை நேரம். என்சிஎல்சி 7 என்பது, ஏ1 முதல் சி2 வரை போகும் ஐரோப்பிய மொழி அளவுகோலில் ஏறத்தாழ பி2 நிலை. பூஜ்யத்திலிருந்து அங்கே போக சுமார் 600 மணி நேரப் படிப்பு வேண்டும். வகுப்பும் வீட்டுப் பாடமுமாக வாரம் 8 மணி நேரம் ஒதுக்கினால் 75 வாரம், கிட்டத்தட்ட ஒன்றரை வருடம். இதற்கிடையில் வயது ஏறும். 29-ல் 100 ஆக இருப்பது 30-ல் 95, 31-ல் 90. ஆக 62 கூடி 10 குறையும். கையில் நிற்பது 475. ஷிப்ட் டியூட்டி பார்ப்பவருக்கு நைட் டியூட்டி வாரங்களில் வகுப்பு தவறும். மருத்துவமனையில் முன்கூட்டியே பேசி, நைட் டியூட்டியை வகுப்பு இல்லாத நாட்களில் போட்டுத்தரக் கேளுங்கள். படிக்கவென்று வேலையை மட்டும் விடவேண்டாம். அங்கே நர்ஸாகப் பதிவு செய்ய, சமீப காலத்தில் நர்ஸாக வேலை பார்த்த சான்று கேட்பார்கள். ஒன்டாரியோவில் கடைசி மூன்று வருடத்துக்குள் இருக்க வேண்டும்.

டியூட்டி முடிந்து பஸ்ஸில் கடலூர் வந்து, சமைத்து, குழந்தையைத் தூங்கவைத்தபின் பிரெஞ்சு படிப்பது யாராலும் ஒன்றரை வருடம் தாக்குப்பிடிக்க முடியாத காரியம். எனவே இந்தத் திட்டத்தில் உங்கள் பங்கு வீட்டு வேலை. அதைவிட முக்கியம், போக வேண்டும் என்ற ஆசை அவருக்கு இருக்கிறதா என்பது. உங்கள் கடிதத்தில் அவர் படிப்பும் வேலை அனுபவமும் இருக்கிறது, அவர் என்ன சொல்கிறார் என்பது இல்லை. அவர் வேண்டாம் என்றால் இந்த வழி அங்கேயே முடிந்துவிட்டது.

பி.ஆர். கிடைத்த கையோடு அவர் அங்கே நர்ஸ் ஆகிவிட முடியாது. இதைப் பலரும் ஊர் போய்ச் சேர்ந்த பிறகுதான் தெரிந்துகொள்கிறார்கள். குடியேற்றத்துக்கான கல்வி மதிப்பீடு வேறு, நர்சிங் உரிமத்துக்கான மதிப்பீடு வேறு. உரிமம் மாகாணக் கையில் இருக்கிறது. சான்றுகளைத் தமிழ்நாடு நர்சிங் கவுன்சிலும் பல்கலைக்கழகமும் நேரடியாக அனுப்ப வேண்டும், என்கிளெக்ஸ் ஆர்என் தேர்வு எழுத வேண்டும். இங்கிருக்கும்போதே அதைத் தொடங்கிவிட்டால் அங்கே வருமானமில்லாமல் உட்காரும் மாதங்கள் குறையும். உங்கள் தொழிலுக்கு அங்கே இன்ஸ்ட்ருமென்டேஷன் அண்ட் கன்ட்ரோல் டெக்னீஷியன் என்று ரெட் சீல் சான்றுள்ள (மாகாணங்கள் பொதுவாக ஏற்கும் தொழில் தகுதிச் சான்று) தனி டிரேட் உண்டு. கெமிக்கல் ஆலை அனுபவத்துக்கு நல்ல மதிப்பும் உண்டு. ஆனால் முதல் சில மாதம் கிடங்கிலோ கடையிலோ நிற்க வேண்டி வரலாம். அதற்கு மனதைத் தயார் செய்துகொண்டுதான் போக வேண்டும்.

இனி பணம். பெரியவர் ஒருவருக்கு விண்ணப்பமும் பி.ஆர். உரிமைக் கட்டணமும் சேர்த்து 1,525 கனடிய டாலர், மகளுக்கு 260, கைரேகைப் பதிவு குடும்பத்துக்கு 170. மொத்தம் 3,480 டாலர். ஒரு டாலர் 62 ரூபாய் என்று வைத்தால் 2.16 லட்சம். இது 2024 ஏப்ரலில் வந்த கட்டணம். அவ்வப்போது ஏற்றுவார்கள், கட்டும் நாளில் அரசு இணையதளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். கல்வி மதிப்பீடு ஒருவருக்கு சுமார் 250 டாலர். இவை போக, மூன்று பேர் குடும்பத்துக்குக் காட்ட வேண்டிய செட்டில்மென்ட் தொகை 2025 ஜூலையில் 23,360 டாலர், ஏறத்தாழ 14.5 லட்சம். கன்சல்டன்சி 15 லட்சம் என்று சொன்னது இதைத்தான்.

அந்த 15 லட்சத்தை அவர்களே வட்டிக்குத் தருகிறோம் என்பதுதான் உங்கள் கடிதத்திலேயே ஆபத்தான வரி. இந்தப் பணம் கடனாக இருக்கக்கூடாது என்பது விதி. வங்கிக் கடிதத்தில் இன்றைய இருப்பு மட்டும் வராது; கடந்த ஆறு மாதச் சராசரி இருப்பும், உங்கள் பேரில் உள்ள கடன்களும் வரும். திடீரென வந்து விழுந்த 15 லட்சம் அதில் துருத்திக்கொண்டு தெரியும். பொய்யான தகவல் என்று முடிவானால் ஐந்து வருடம் விண்ணப்பிக்கவே முடியாது. தடை விழுவது உங்கள் குடும்பத்தின் பெயரில்தான், கன்சல்டன்சி பெயரில் இல்லை. நிலம், வீடு, நகையின் மதிப்பு இதில் சேராது. நகையை அடகு வைத்து எடுத்த ரொக்கமும் கடன்தான். பெற்றோர் கொடுத்தால், திருப்பித் தரவேண்டியதில்லை என்று எழுதிய அன்பளிப்புக் கடிதமும் பணம் வந்த வழிக்கான ஆவணமும் வேண்டும். உங்களிடம் இருக்கும் 6 லட்சத்தோடு ஒன்றரை வருடம் மாதாமாதம் இருவரும் சேமித்தால் எவ்வளவு சேரும் என்று இன்றே கணக்குப் போடுங்கள். குறையும் தொகைக்கு ஒரு பகுதி நகையை விற்பதை நான் ஒப்புக்கொள்வேன். தோப்பை விற்பதை ஒப்புக்கொள்ள மாட்டேன்.

காரணம் சட்டத்தில் இருக்கிறது. நீங்கள் வெளிநாடுவாழ் இந்தியர் ஆகிவிட்டால் இந்தியாவில் விவசாய நிலமோ தோட்டமோ விலைக்கு வாங்க முடியாது. ஏற்கெனவே உங்கள் பேரில் இருப்பதை வைத்துக்கொள்ளலாம், அப்பாவிடமிருந்து வாரிசாக வரலாம், அவ்வளவுதான். கனடாவில் நன்றாகச் சம்பாதித்து இதே தோப்பைத் திரும்ப வாங்கிவிடலாம் என்று யாரும் உங்களைத் தேற்ற முடியாது. அங்கே சரிப்படாமல் திரும்பி வந்தால் நிற்பதற்கு இருக்கும் இடமும் அதுதான். 2011-ல் தானே புயல் அடித்துப் போனபின் அப்பா நட்ட மரங்கள் இப்போதுதான் முழுக் காய்ப்பில் இருக்கும். அவருடைய வயதான காலத்து வருமானத்தை விற்று வரும் பணத்தில் நீங்கள் ஒரு விண்ணப்பக் கட்டணமும் ஆறு மாத வாடகையும் கட்டுவீர்கள்.

பெற்றோரைப் பிறகு அழைத்துக்கொள்ளலாம் என்றும் எளிதாக எண்ணிவிடாதீர்கள். பெற்றோருக்கான பி.ஆர். ஸ்பான்சர்ஷிப் குலுக்கல் முறையில் நடப்பது, 2020-ல் விருப்பம் தெரிவித்தவர்களையே 2025 வரை அழைத்துக்கொண்டிருந்தார்கள். பெற்றோர் வந்து தங்கிப் போவதற்கான சூப்பர் விசாவில் ஒரு தடவைக்கு ஐந்து வருடம் வரை தங்கலாம். அதற்குக் குறைந்தது 1 லட்சம் டாலர் காப்பீடு எடுக்க வேண்டும், வயதுக்கு ஏற்ப பிரீமியம் ஏறும்.

கன்சல்டன்சி இல்லாமல் முடியுமா? முடியும். மேலே சொன்ன வரிசைக்குப் பெயர் எக்ஸ்பிரஸ் என்ட்ரி, அதில் புரொஃபைல் உருவாக்குவது இலவசம். உதவி வேண்டுமென்றால் கட்டணம் வாங்கிக்கொண்டு உங்கள் சார்பில் கனடா அரசிடம் பேசும் உரிமை, அங்கே பதிவு பெற்ற வழக்கறிஞருக்கும், காலேஜ் ஆஃப் இமிகிரேஷன் அண்ட் சிட்டிசன்ஷிப் கன்சல்டன்ட்ஸ் அமைப்பில் உரிமம் பெற்ற ஆர்சிஐசி ஆலோசகருக்கும்தான் பொதுவாக உண்டு. உரிம எண்ணைக் கேளுங்கள், அந்த அமைப்பின் பொதுப் பதிவேட்டில் நீங்களே தேடிப் பாருங்கள். எண்ணைத் தர மழுப்பினால் எழுந்து வந்துவிடுங்கள். யாரிடம் கொடுத்தாலும் கணக்கு உங்கள் மின்னஞ்சலில், உங்கள் பாஸ்வேர்டில் இருக்க வேண்டும். தங்கள் மின்னஞ்சலில் தொடங்கிக்கொண்டு, உங்கள் பேரில் என்ன எழுதினார்கள் என்பதையே காட்டாத இடங்கள் இருக்கின்றன. கனடாவில் வேலை ஆஃபர் லெட்டர் வாங்கித் தருகிறோம், பாயின்ட் ஏறும் என்று அடுத்த வலை வரும். 2025 மார்ச் 25 முதல் வேலை ஆஃபருக்கான சிஆர்எஸ் மதிப்பெண்ணையே எடுத்துவிட்டார்கள்.

ஜெர்மனி ஆப்பர்ச்சுனிட்டி கார்டு உங்களுக்கு வேண்டாம். 2024 ஜூனில் வந்த அந்தக் கார்டு ஒரு வருடம் அங்கே தங்கி வேலை தேட மட்டும்தான். வாரம் 20 மணி நேரம் பகுதி நேர வேலை பார்க்கலாம், ஆனால் குடும்பத்தை அழைத்துக்கொள்ள முடியாது. 2025 கணக்குப்படி மாதம் 1,091 யூரோ வீதம் ஒரு வருடத்துக்கு 13,092 யூரோவை முடக்குக் கணக்கில் போட வேண்டும். ஜெர்மன் தெரியாத டெக்னீஷியனை ஆலையில் யார் சேர்த்துக்கொள்வார்கள்? மனைவிக்கு நர்ஸாக ஜெர்மனி போகும் வழி வேறு. அது நல்ல வழி. பி2 வரை ஜெர்மன் படிக்க வேண்டும். ஆனால் பயிற்சி, விசா செலவுகளை வேலை தரும் மருத்துவமனையே ஏற்கும் திட்டங்கள் உண்டு. தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் இதை நடத்துகிறது, கிண்டியில் அலுவலகம். அவர் முதலில் தனியாகப் போய், உரிமம் பெற்று, வீடு பார்த்தபின் நீங்களும் மகளும் போவீர்கள். அந்தப் பிரிவைத் தாங்க முடியுமென்றால் பணச் செலவு மிகக் குறைந்த வழி அது. கனடா என்றால் மூவரும் சேர்ந்தே இறங்கலாம், ஆனால் செலவு முழுக்க உங்களுடையது. எதுவானாலும் ஒரே ஒரு மொழியைத் தேர்ந்தெடுங்கள். இரண்டையும் தொட்டால் இரண்டும் ஏ2-வோடு நின்றுவிடும்.

மொழி வகுப்பு நடக்கும் காலத்தில் நீங்கள் முடிக்க வேண்டிய காகித வேலை நிறைய இருக்கிறது. முதலில் பெயர். சான்றிதழில் இனிஷியலோடு இருக்கும், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் விரிந்து சர்நேம் ஆகியிருக்கும், திருமணத்துக்குப் பின் மனைவியின் பாஸ்போர்ட்டில் உங்கள் பெயர் வந்திருக்கும். மூன்றும் ஒருவரே என்று நோட்டரி சான்றுள்ள அஃபிடவிட் இப்போதே எடுத்துவையுங்கள். மகளின் பிறப்புச் சான்றிதழில் உங்கள் இருவர் பெயரும் பாஸ்போர்ட்டில் உள்ளபடி இருக்கிறதா பாருங்கள். கல்வி மதிப்பீட்டுக்கு டிரான்ஸ்கிரிப்டைப் பல்கலைக்கழகமே நேரடியாக அனுப்ப வேண்டும். நீங்கள் அனுப்பும் நகல் செல்லாது, அவர்கள் அனுப்ப மாதங்கள் ஆகலாம்.

அதைவிடச் சிக்கல் உங்கள் அனுபவக் கடிதம். சிப்காட்டில் கான்ட்ராக்டர் ரோலில் இருந்தவர்களுக்கு ஆலை கடிதம் தராது. சம்பளம் கொடுத்தது கான்ட்ராக்டர் என்பதால் அவர்தான் தர வேண்டும். லெட்டர்ஹெட்டில் பதவி, சேர்ந்த தேதி, விலகிய தேதி, வாரத்துக்கு எத்தனை மணி நேரம், சம்பளம், செய்த வேலைகள், கையெழுத்திட்டவர் பெயர், தொடர்பு எண் எல்லாம் இருக்க வேண்டும். வேலைகள் என்றால் பிரஷர் டிரான்ஸ்மிட்டர் காலிபரேஷன், கன்ட்ரோல் வால்வு பொசிஷனர் செட்டிங், லூப் செக், டிசிஎஸ் அலாரம் பார்த்துப் பழுது கண்டுபிடித்தல் என்று நீங்கள் உண்மையில் செய்ததை எழுதச் சொல்லுங்கள். கனடாவின் தொழில் பட்டியலில் உங்கள் தொழில் 22312, மனைவியுடையது 31301. அங்கே உள்ள வாசகங்களை வரிக்கு வரி நகலெடுத்து எழுதிய கடிதத்தை அதிகாரிகள் சந்தேகப்படுவார்கள். கான்ட்ராக்டர் தொழிலை மூடிவிட்டுப் போயிருந்தால் பி.எஃப். பாஸ்புக், சம்பளச் சீட்டு, வங்கி வரவு, ஃபார்ம் 16 ஆகியவற்றோடு அன்றைய சூப்பர்வைசரின் கடிதத்தையும் சேருங்கள்.

கத்தாரில் 8 மாதம் இருந்ததால் அந்நாட்டு போலீஸ் சான்றும் வேண்டும். கடந்த 10 வருடத்தில் ஒரு நாட்டில் தொடர்ந்து ஆறு மாதமோ அதற்கு மேலோ இருந்திருந்தால் கேட்பார்கள். அழைப்பு வந்தபின் முழு விண்ணப்பம் போட 60 நாள்தான் அவகாசம். 2025 ஆகஸ்ட் 21 முதல் மருத்துவப் பரிசோதனையையும் விண்ணப்பத்துக்கு முன்பே முடித்திருக்க வேண்டும். கத்தார் சான்றை அந்த 60 நாளுக்குள் வாங்கிவிடலாம் என்று விட்டுவிடாதீர்கள். மொழித் தேர்வு முடிவு இரண்டு வருடம் செல்லும், கல்வி மதிப்பீடு ஐந்து வருடம். ஆகவே மதிப்பீட்டை இப்போதே தொடங்கலாம். ஆங்கிலத் தேர்வைப் பிரெஞ்சு பி1 தாண்டியபின் எழுதுவது நல்லது.

கடைசியாக உங்கள் பி.எஃப். இங்கே வேலையை விடும்போது எல்லாவற்றையும் மொத்தமாக எடுத்துக்கொண்டு போகலாம் என்று நண்பர்கள் சொல்வார்கள். பி.எஃப். தொகையை எடுக்கலாம். ஆனால் அதோடு உள்ள ஓய்வூதியத் திட்டத்தில் 10 வருட சேவை முடிந்தால் 58 வயதில் பென்ஷன் உரிமை வரும். ஆறு மாதமோ அதற்கு மேலோ உள்ள மிச்சத்தை ஒரு வருடமாகக் கணக்கிடுவார்கள். உங்களுக்கு 8 வருடம் 4 மாதம். இன்னும் ஒன்றரை வருடம் இதே வேலையில் இருந்தால் அந்த வரம்பைத் தாண்டிவிடுவீர்கள், மனைவியின் பிரெஞ்சும் அப்போதுதான் முடியும். கான்ட்ராக்டர் காலத்து கணக்கு தனி யுஏஎன் (பி.எஃப். உறுப்பினருக்கான பொது எண்) எண்ணில் இருந்தால் அந்த சேவை இதில் சேராது. எனவே இந்த மாதமே இரண்டையும் ஒரே யுஏஎன்னுக்கு மாற்ற விண்ணப்பியுங்கள். பழைய கணக்கில் விலகிய தேதி ஏற்றப்படாமல் இருந்தால் மாற்றம் நிராகரிக்கப்படும். கான்ட்ராக்டரைப் பிடித்து முதலில் அதைச் சரிசெய்யுங்கள்.